பாலியல் வன்முறைக்கு ஆளானவருடன் கூடப் போகிறவர்களுக்கு

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் முதலில் கூப்பிடுவது பெரும்பாலும் அக்காவையோ, சித்தியையோ, விடுதித் தோழியையோதான். அந்த அழைப்பை எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக, இப்படிப்பட்ட பெண்களுடன் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய் வருகிறேன். சட்டத்தில் அவளுக்கு நிறைய உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவற்றைத் தானாக எடுத்துச் சொல்வது குறைவு. கூட வந்தவர் தெரிந்து கேட்டால் கிடைக்கிறது. கேட்கத் தெரியாவிட்டால் "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு வீடு திரும்புகிறார்கள். அதனால் எந்த இடத்தில் எதைக் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தை வாங்காமல் வரக்கூடாது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் இந்தியச் சட்டப்படி. நடைமுறை விவரங்கள் தமிழ்நாட்டில் இருப்பவை.

அவள் சொல்லும்போது

நடந்ததை அவள் சொல்லி முடிக்கட்டும். "அங்க ஏன் போன?", "கத்தலையா?" என்று யாரும் கேட்க வேண்டாம். எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே அவள் சம்மதித்தாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இப்போது பத்திரமான இடத்தில் இருக்கிறாளா, எங்காவது அடிபட்டிருக்கிறதா, அடுத்து என்ன செய்ய விரும்புகிறாள் என்று கேட்டால் போதும்.

வீட்டில் ஒவ்வொருவராக வந்து முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். அதைத் தடுப்பது உங்கள் வேலை. அவள் உங்களிடம் சொன்னதை, அவள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி, தேதியும் மணியும் போட்டு வையுங்கள். அவள் முதலில் யாரிடம் சொன்னாள் என்பது வழக்கில் முக்கியம்; நீங்கள் சாட்சியாகவும் அழைக்கப்படலாம்.

குளிக்காமல், உடை மாற்றாமல், முடிந்தால் வாய் கொப்பளிக்காமல் மருத்துவமனைக்குப் போவது நல்லது. உடை மாற்றிவிட்டால், கழற்றிய துணியைத் துவைக்காமல் காகிதப் பையிலோ செய்தித்தாளிலோ சுற்றி எடுத்துப் போங்கள். பாலித்தீன் கவர் வேண்டாம். உள்ளே ஈரம் தங்கி தடயம் கெட்டுப்போகும். ஏற்கெனவே குளித்துவிட்டாள், துணியையும் துவைத்துவிட்டாள் என்றால் அதற்காக ஒரு வார்த்தை கடிந்து சொல்லாதீர்கள். குளித்த பிறகும் தடயம் கிடைக்கலாம், சிகிச்சையோ கட்டாயம் தேவை. அவன் அனுப்பிய செய்திகள், அழைப்புப் பட்டியல், படங்கள் எதையும் அழிக்க வேண்டாம். பயத்தில் போனை ரீசெட் செய்துவிடுகிறார்கள், பிறகு அதை மீட்கப் படாத பாடு படுகிறார்கள்.

காவல் நிலையத்துக்கு முன்பே மருத்துவமனை

இதை ஒரு செவிலியராக அழுத்திச் சொல்கிறேன். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டால்தான் மருத்துவமனையில் பார்ப்பார்கள் என்று பலர் நம்பிக்கொண்டு, இரவு முழுக்கக் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவுப்படி, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் வன்புணர்வுக்கு ஆளானவருக்கு உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். தராவிட்டால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவுப்படி குற்றம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும்தான் நடைமுறையில் இருக்கின்றன.

நேரம் முக்கியமாவது மூன்று விஷயங்களில். கரு உண்டாகாமல் தடுக்கும் அவசர மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தருகிறோமோ அவ்வளவு பலன். 72 மணி நேரத்துக்குள் தருவது நல்லது, 120 மணி நேரம் வரைகூடக் கொடுப்பதுண்டு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தே ஆக வேண்டும், பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டல், சோர்வு என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். குமட்டலுக்கு மாத்திரை கேட்டு வாங்குங்கள், 28 நாளும் யாராவது ஒருவர் நினைவூட்டுங்கள். மூன்றாவது, உடலிலிருந்து எடுக்கும் தடயங்கள். 72 மணி நேரத்துக்குப் பிறகு கிடைப்பது குறைந்துவிடும் என்றாலும் 96 மணி நேரம் வரை எடுக்கச் சொல்கின்றன மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள். அந்த நேரம் கடந்த பிறகு வந்தாலும் உடல் காயங்களைப் பதிவு செய்யவும் சிகிச்சைக்கும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். பால்வினை நோய்களுக்கான மருந்து, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி ஆகியவற்றையும் கேளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை ஒரு தடவையோடு முடியாது, சில வார இடைவெளிகளில் மறுபடி எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்கிறார்கள்.

பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவள் சம்மதம் வேண்டும். ரத்தம் எடுக்கச் சரி, உள்பரிசோதனை வேண்டாம் என்று அவள் சொல்லலாம். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பெண் மருத்துவர் இல்லாவிட்டால் ஆண் மருத்துவர் பார்க்கும்போது பெண் உதவியாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். அவளுக்கு நம்பிக்கையான ஒருவரும் கூட இருக்கலாம். காவலர் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது, பெண் காவலரானாலும் வெளியேதான் நிற்க வேண்டும். இதைச் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் அங்கிருக்கும் செவிலியரிடம் சொல்லுங்கள். எங்களில் பெரும்பாலானோர் உங்கள் பக்கம்தான் நிற்போம்.

இரு விரல் பரிசோதனை என்ற கொடுமையை 2013இலேயே உச்ச நீதிமன்றம் பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடை செய்யும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதைச் செய்பவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி ஆவார் என்று தீர்ப்பளித்தது. எனவே யாராவது ஆரம்பித்தால் "நிறுத்துங்கள்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அவளுக்கு இதற்கு முன் உறவு உண்டா என்பது பற்றிய குறிப்பும் அறிக்கையில் வரக் கூடாது. வந்திருந்தால் வழக்குரைஞரிடம் காட்டுங்கள்.

மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும். அது அவர்களுடைய சட்டக் கடமை. ஆனாலும் 18 வயது நிறைந்தவள் "இப்போது புகார் தர விருப்பமில்லை" என்று சொல்லலாம். அதை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். மனம் மாறி ஆறு மாதம் கழித்துப் புகார் தந்தால், அன்று எடுத்த பரிசோதனையும் பதிவும் கைகொடுக்கும்.

வெளியே வருமுன் இவற்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஏ.ஆர். என்று எங்கள் மருத்துவமனைகளில் சொல்லும் விபத்துப் பதிவேட்டின் நகல் அல்லது குறைந்தபட்சம் அதன் எண், பரிசோதனை அறிக்கையின் நகல், மருந்துச் சீட்டு, அடுத்து வர வேண்டிய தேதி. அறிக்கை நகலை இலவசமாகத் தர வேண்டும். காயம் எதுவும் இல்லை என்று அறிக்கையில் இருந்தால் கலங்க வேண்டாம். பயத்தில் உறைந்துபோனவளின் உடலில் காயம் இல்லாமல் இருப்பது சாதாரணம். காயம் இல்லாததால் குற்றம் நடக்கவில்லை என்று ஆகாது.

கரு தங்கிவிட்டது என்றால், மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி வன்முறைக்கு ஆளானவரும் 18 வயதுக்கு உட்பட்டவரும் 24 வாரம் வரை கலைத்துக்கொள்ளலாம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், அதற்கு மேல் இரண்டு பேர் வேண்டும். 18 நிறைந்த பெண்ணுக்குக் கணவர் கையெழுத்தோ பெற்றோர் கையெழுத்தோ தேவையில்லை. 24 வாரத்தைத் தாண்டிவிட்டால் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அங்கே ஒவ்வொரு நாளும் கணக்கு என்பதால் அன்றே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

காவல் நிலையத்தில்

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "சம்பவம் நடந்த இடம் எங்க லிமிட் இல்ல" என்பது பதிவு செய்ய மறுக்கக் காரணம் ஆகாது; ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். இது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் இருக்கிறது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் எந்த நிலையமானாலும் புகாரைப் பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும். உடல் ஊனமோ மனநலக் குறைபாடோ உள்ளவர் என்றால் அவர் வீட்டுக்கே அல்லது அவருக்கு வசதியான இடத்துக்கே வந்து, மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ வைத்து, வீடியோவாகவும் பதிவு செய்ய வேண்டும்.

புகாரை முடிந்தால் வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோங்கள். கூச்சத்தில் "தப்பா நடந்துக்கிட்டான்", "கெடுத்துட்டான்" என்று மட்டும் எழுதுகிறார்கள். அதை வைத்து நிலைய ரைட்டர் நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவில், அதாவது மானபங்கம் என்று பதிந்துவிடக்கூடும். அதற்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரைதான் தண்டனை. 64ஆம் பிரிவில் வன்புணர்வு என்று பதிந்தால் குறைந்தது பத்தாண்டு. சட்டத்தில் வன்புணர்வு என்பது விரலாலோ பொருளாலோ வாயாலோ செய்வதையும் சேர்த்துத்தான். எனவே உடலில் எந்த இடத்தில் என்ன செய்தான் என்பதை அவளுக்குத் தெரிந்த பேச்சுத் தமிழில் தெளிவாக எழுதட்டும். நல்ல தமிழ் தேவையில்லை. மிரட்டினானா, படம் எடுத்தானா, இதற்கு முன்பும் நடந்ததா, எத்தனை பேர், யார் பார்த்தார்கள், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினானா எல்லாம் வர வேண்டும். தேதி சரியாக நினைவில்லை என்றால் "பொங்கலுக்கு அடுத்த வாரம்" என்று எழுதலாம். நினைவில்லாததை ஊகித்து எழுத வேண்டாம். பிறகு குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். காலம் கடந்து புகார் தருகிறாள் என்றால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதை இரண்டு வரியில் சேர்க்கட்டும். வன்புணர்வுப் புகாருக்குக் காலக்கெடு கிடையாது.

அடுத்து, தமிழ்நாட்டில் எல்லோரும் ஏமாறும் இடம். புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அரசு முத்திரையுடன் எண்ணும் இருப்பதால் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வந்துவிடுகிறோம். அது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. பாலியல் வன்புணர்வு போன்ற புகாரில் நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்பது 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தந்த தீர்ப்பு. "சி.எஸ்.ஆர். வேண்டாம் மேடம், எஃப்.ஐ.ஆர். நகல் கொடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். கையெழுத்துப் போடுமுன் படித்துக் காட்டச் சொல்லுங்கள், எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பதிய மறுத்தால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமானால் ஆணையருக்கு, பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அதற்கான வழக்குரைஞரைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தரும். வன்புணர்வுப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. நான் பார்த்த வரையில் இந்த எண்ணை அமைதியாகச் சொன்னாலே பேனா எடுக்கிறார்கள்.

விரிவான வாக்குமூலத்துக்கு அவளை நிலையத்துக்கு அழைக்கக் கூடாது. அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ பெண் அதிகாரி வந்து, பெற்றோரோ நெருங்கிய உறவினரோ சமூகப் பணியாளரோ பக்கத்தில் இருக்கப் பதிய வேண்டும். தெருவில் ஜீப் வந்து நிற்பதை அவள் விரும்பாவிட்டால் தோழி வீட்டையோ, பாதிக்கப்பட்ட பெண்களுக்கென இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தையோ சொல்லலாம். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஏற்கெனவே செய்திருந்தால் ஏ.ஆர். எண்ணைக் கொடுங்கள். புலனாய்வை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் அவளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சில நாட்களில் நடுவர் முன் வாக்குமூலம் தர அழைத்துப் போவார்கள். இது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவு. கூடியவரை பெண் நடுவர். இல்லாவிட்டால் ஒரு பெண் உடன் இருக்க ஆண் நடுவர் பதிவு செய்வார். அங்கே அவள் சொல்வதற்கு நீதிமன்றத்தில் தனி மதிப்பு உண்டு. முந்தைய நாள் இரவு உட்கார்ந்து "இப்படிச் சொல், அப்படிச் சொல்" என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். சாப்பிட வைத்துத் தூங்க வைத்தால் போதும்.

பெயர் வெளியே வரக் கூடாது

அவள் பெயர், படம், ஊர், கல்லூரி என்று அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. நல்ல எண்ணத்தில் "நீதி வேண்டும்" என்று ஸ்டேட்டஸ் போடும் உறவினருக்கும் இது பொருந்தும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எஃப்.ஐ.ஆர். நகலைப் பகிராதீர்கள். 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு மாணவியின் வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. படமோ வீடியோவோ இணையத்தில் சுற்றினால் cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள், உதவிக்கு இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். இணைப்பின் முகவரியையும் திரைப்பதிவையும் முதலில் சேமித்துவிடுங்கள்.

பதினெட்டு வயது நிறையாதவர்

பெண் குழந்தையானாலும் ஆண் குழந்தையானாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012 பொருந்தும். இங்கே புகார் தருவதா வேண்டாமா என்ற தேர்வு நமக்குக் கிடையாது. தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைப்பது குற்றம். பள்ளித் தலைமையாசிரியர், விடுதிக் காப்பாளர் போன்ற பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும், நாங்களே பேசிக்கிறோம்" என்று சொல்கிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு எந்த நேரமும் அழைக்கலாம். காவலர் சீருடை இல்லாமல், குழந்தையின் வீட்டுக்கோ குழந்தை விரும்பும் இடத்துக்கோ வந்து பேச வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். அந்தக் குழுவிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆதரவு நபர்: விசாரணை தொடங்கித் தீர்ப்பு வரை குழந்தையோடு இருப்பதற்கென நியமிக்கப்படுபவர். மற்றது, சாப்பாடு, உடை, போக்குவரத்துச் செலவுகளுக்கான உடனடி உதவித் தொகை. குழு பரிந்துரைத்த ஒரு வாரத்துக்குள் அதைத் தர வேண்டும். அப்பாவே கூலிக்குப் போகாமல் குழந்தையோடு அலையும் வீடுகளில் இந்தப் பணம் பெரிய விஷயம். குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருப்பவன் என்றால் குழந்தையை எங்கே வைப்பது என்பதையும் குழு முடிவு செய்யும்.

நீதிமன்றத்தில் குழந்தை குற்றம்சாட்டப்பட்டவனைப் பார்க்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு வழக்குரைஞர் குழந்தையை நேரடியாகக் கேட்க முடியாது. கேள்விகளை நீதிபதியிடம் கொடுத்து அவர்தான் கேட்பார்.

பணமும் ஆதரவும்

181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு இரவும் பகலும் அழைக்கலாம். மாவட்டந்தோறும் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு அவர்கள் இணைத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போக முடியாத நிலை என்றால் அங்கே ஐந்து நாள் வரை தங்கலாம். ஆற்றுப்படுத்துநர் பேசுவார், காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் ஆள் கூட வருவார்கள். என்னைப் போன்ற தன்னார்வலர்கள் கிடைக்காத ஊரில் இந்த மையத்தைத்தான் முதலில் பிடிக்கச் சொல்வேன். தூக்கம் வராமல், சாக வேண்டும் போல இருக்கிறது என்று அவள் சொன்னால் தனியாக விடாதீர்கள், மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசுவார்கள். அந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் 112.

வழக்குரைஞருக்குக் காசில்லை என்று யாரும் நிற்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் வழக்குரைஞர் இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கும், அல்லது சட்ட உதவி எண் 15100க்கு அழைக்கலாம். வழக்கை அரசு வழக்குரைஞர் நடத்துகிறாரே, இவர் எதற்கு என்று கேட்பார்கள். அவளுக்கென ஒரு வழக்குரைஞர் இருந்தால் குற்றப்பத்திரிகையும் ஆவணங்களும் இலவசமாகக் கைக்கு வரும். ஜாமீன் மனு வரும்போது அவள் தரப்பை அவர் எடுத்துச் சொல்வார்.

இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். அதே ஆணைக்குழுவில் எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ அறிக்கை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் வைத்து இடைக்கால இழப்பீட்டுக்கு மனு தரலாம். தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018 திட்டப்படி வன்புணர்வுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை, கூட்டு வன்புணர்வுக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் கேட்கலாம். பெரும்பகுதியை அவள் பெயரில் வைப்பு நிதியாகப் போடுவார்கள். கணக்கு அவளுடைய தனிக்கணக்காக இருக்கட்டும். அண்ணனோடு கூட்டுக் கணக்கு வேண்டாம்.

அவள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவளாக இருந்து, குற்றவாளி அந்தப் பிரிவினர் அல்லாதவனாக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட வேண்டும். புகாரோடு சாதிச் சான்றிதழையும் கொடுங்கள். புலனாய்வைத் துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவர்தான் செய்ய வேண்டும், தனி நிவாரணத் தொகையும் உண்டு. அதில் பாதியை மருத்துவ அறிக்கை வந்ததும், வழக்கு முடியும் முன்பே தர வேண்டும்.

சமரசம் பேச வருகிறவர்களும் நீதிமன்றமும்

எஃப்.ஐ.ஆர். போட்ட மறுநாளிலிருந்து ஆட்கள் வருவார்கள். பணம் தருகிறோம் என்பார்கள். அவனே கட்டிக்கொள்வான் என்பார்கள். ஊர்ப் பெரியவர், சொந்தக்கார மாமா, சில சமயம் கோயில் கமிட்டி. வன்புணர்வு வழக்கைச் சமரசம் செய்து முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. குற்றவாளியைத் திருமணம் செய்துவைப்பது, ராக்கி கட்டச் சொல்வது போன்ற எதையும் நீதிமன்றங்கள்கூடப் பரிந்துரைக்கக் கூடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வந்து பேசியவர் பெயர், தேதி, என்ன சொன்னார் என்பதை அதே நோட்டில் எழுதுங்கள். மிரட்டல் என்றால் தனியாக ஒரு புகார் கொடுங்கள். 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாப்பும் கேட்கலாம். இந்தக் கட்டத்தில்தான் பல பெண்கள் உடைந்துபோகிறார்கள், அதுவும் சொந்த வீட்டார் பேச்சில். கூட நிற்பவர் ஒருவராவது அசையாமல் இருந்தால் அவள் தாங்கிக்கொள்கிறாள்.

சாட்சி சொல்லும் நாளில் கதவை மூடித்தான் விசாரிப்பார்கள். அவளுடைய பழைய உறவுகள், நடத்தை பற்றிக் கேள்வி கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. கேட்டால் அவளுடைய வழக்குரைஞர் எழுந்து தடுக்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தாக்கள் வரும். அவளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பொய் நம்பிக்கை தராதீர்கள். தர்மபுரி மாவட்டப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் 1992இல் அரசு ஊழியர்கள் நடத்திய கொடுமைக்கு 2011இல்தான் தண்டனை வந்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, வன்புணர்வுக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தர உத்தரவிட்டது. பொள்ளாச்சி வழக்கில் 2019இல் புகார், 2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றத்தில் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை. அங்கே சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சியாக, அதாவது சொன்னதை மாற்றிச் சொல்பவராக, மாறவில்லை. அந்தப் பெண்களை நினைக்கும்போது எனக்கு மரியாதையில் தலை தாழ்கிறது.

இந்தச் சட்டங்கள் முழுதாக எட்டாதவர்களும் இருக்கிறார்கள். கணவனே செய்தால், மனைவி 18 வயது நிறைந்தவராக இருக்கும்பட்சத்தில், அதை வன்புணர்வு என்று சட்டம் இன்னும் ஏற்கவில்லை. அது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். பிரிந்து வாழும் கணவன் செய்தால் நியாய சன்ஹிதாவின் 67ஆம் பிரிவில் குற்றம். திருநர்களுக்கு எதிரான கொடுமைக்கு, அவர்களுக்கான 2019 சட்டத்தில் உள்ள தண்டனை அதிகபட்சம் இரண்டாண்டுதான். 18 வயது நிறைந்த ஆண்களுக்குப் புதிய சட்டத்தில் தனிப் பிரிவே இல்லை, காயம், மிரட்டல் போன்ற பிரிவுகளில்தான் புகார் தர வேண்டியிருக்கிறது. ஆனால் சிகிச்சைக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. மேலே சொன்ன 72 மணி நேரக் கணக்கு அவர்களுக்கும் அதேதான். வேலை செய்யும் இடத்தில் நடந்தது என்றால் காவல் புகாரோடு சேர்த்து, மூன்று மாதத்துக்குள் பாலியல் தொல்லைப் புகார்களுக்கென அங்குள்ள உள்ளகக் குழுவிலும் எழுதிக் கொடுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானாலும், முதலாளியே குற்றவாளியானாலும், மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அதுதான் இடம்.

தீர்ப்பில் அவன் விடுதலையாகிவிட்டால், அல்லது குறைந்த பிரிவில் தண்டனை தந்துவிட்டால், அரசு மேல்முறையீடு செய்யுமா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவர் தானே மேல்முறையீடு செய்யலாம், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413ஆம் பிரிவு. தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்றே 15100க்கு அழைத்து வழக்குரைஞர் கேளுங்கள், அதுவும் இலவசம்தான்.